சான் ஹுவானில் ஒரு பகல்: எல் மோரோவா, சான் கிறிஸ்டோபலா?

கரீபியன் துறைமுகங்கள் பலவற்றில் கப்பலை விட்டு இறங்கி ஒரு வேன் பிடித்தால்தான் ஊர் கண்ணில் படும். புவேர்ட்டோ ரிக்கோவின் பழைய சான் ஹுவான் அப்படியில்லை. இறங்கிச் சாலையைக் கடந்தால் 500 வயதான ஊருக்குள் நிற்கிறோம். மதில் சூழ்ந்த சின்னத் தீவு முனை அது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணி நேர நடைதான்.

அந்த முனையில் கோடிக்கு ஒன்றாக இரண்டு பெரிய கோட்டைகள். மேற்கே, விரிகுடாவின் வாயைப் பார்த்தபடி எல் மோரோ. கிழக்கே, ஊருக்குள் தரைவழியாக நுழையும் பாதையைக் காத்தபடி சான் கிறிஸ்டோபல். இரண்டையும் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. பெரியவர்களுக்கு 10 டாலர் சீட்டு. அதே சீட்டில் 24 மணி நேரத்துக்குள் இரண்டுக்கும் போகலாம். 15 வயது வரை கட்டணம் இல்லை. சீட்டு இப்படி இருப்பதால் இரண்டையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. ஒரே ஒரு பகல் கையில் இருக்கும் கப்பல் பயணி அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள், அது சான் கிறிஸ்டோபலாக இருக்கட்டும். எல் மோரோதான் சரி என்று சொல்ல வேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. கோட்டைகள் காலை 9:30-க்குத் திறந்து மாலை 4:30-க்கு மூடப்படுகின்றன (போகும் முன் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இந்த நேரம் முன்பும் மாறியிருக்கிறது). சான் ஹுவானுக்கு எல்லாக் கப்பலும் காலையில் வருவதில்லை. மதியத்துக்கு மேல் வந்து இரவு பத்து, பதினொரு மணிக்குக் கிளம்பும் கப்பல்கள் நிறைய. பயணத் திட்டத்தில் ‘எட்டு மணி நேரம்’ என்று பார்த்து மகிழ்ந்துவிட்டு, அதில் கோட்டை திறந்திருப்பது இரண்டு மணி நேரம்தான் என்பதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். ஆகவே எந்தக் கோட்டை என்று யோசிப்பதற்கு முன், உங்கள் கப்பல் எத்தனை மணிக்குக் கரை சேர்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, கப்பல் எங்கே நிற்கிறது என்பது. பழைய ஊரை ஒட்டிய 1, 3, 4 எண் துறைமேடைகளில் நின்றால் கவலையே இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பான் அமெரிக்கன் என்ற துறைமேடைகளும் இருக்கின்றன. அங்கே நின்றால் பழைய ஊருக்குள் வர டாக்சி எடுப்பதுதான் நல்லது. நடக்க முடியாத தூரமில்லை. ஆனால் அந்த வழியில் பார்க்க ஒன்றுமில்லை, வெயில்தான் இருக்கிறது.

சரி, எல் மோரோ. முழுப்பெயர் காஸ்டில்லோ சான் ஃபெலிப்பே டெல் மோரோ. 1539-இல் ஸ்பானியர்கள் வேலை தொடங்கினார்கள். பாறை முனையில் ஆறு அடுக்குகளாக, கடலிலிருந்து ஏறக்குறைய 44 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. கடல்வழியாக வருகிறவனைத் தடுப்பது ஒன்றே அதன் வேலை. 1595 நவம்பரில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பிரான்சிஸ் டிரேக், இங்கே பத்திரமாக வைக்கப்பட்டிருந்த ஸ்பானிய வெள்ளியைக் குறிவைத்து வந்தபோது இந்தக் கோட்டையின் பீரங்கிகள் அவரைத் திருப்பி அனுப்பின. அவரோடு வந்த ஜான் ஹாக்கின்ஸ் தாக்குதலுக்கு முன்பே இந்தத் தீவின் கடலோரத்தில் நோயால் இறந்துபோயிருந்தார்.

அஞ்சல் அட்டைகளில் பார்க்கும் காட்சி இதுதான்: பச்சைப் புல்வெளி, அதன் முடிவில் பழுப்பு நிறச் சுவர், சுவரின் மூலையில் வட்டமான கல் காவல் கூண்டு, பின்னால் அட்லாண்டிக். அந்தப் புல்வெளி அழகானது. காற்று ஓயாமல் அடிப்பதால் உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைகளோடு வந்து பட்டம் விடுகிறார்கள். அங்கேயே பட்டம் விற்கவும் செய்கிறார்கள். புல்வெளிக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மரமும் கிடையாது. எதிரி ஒளிந்து வர இடம் தரக்கூடாது என்று வெட்டவெளியாக வைத்த நிலம் அது. வண்டிகள் புல்வெளியின் ஓரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கோட்டை வாசல் வரை நிழலே இல்லாமல் நடக்க வேண்டும், பார்த்து முடித்தபின் அதே வெயிலில் திரும்ப வேண்டும். உள்ளே அடுக்குக்கு அடுக்கு செங்குத்தான சரிவுப் பாதைகளும் படிகளும். வயதான பெற்றோரோடு போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தில் வந்து விடுதியில் தங்குகிறவருக்குக் கிடைக்காத ஒன்று கப்பல் பயணிக்குக் கிடைக்கிறது. விரிகுடாவின் வாய் குறுகலானது. அதற்குள் நுழையும் எந்தக் கப்பலும் எல் மோரோவின் காலடியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். டிரேக்கின் மாலுமிகள் எந்தக் கோணத்தில் அந்தக் கோட்டையை அண்ணாந்து பார்த்தார்களோ அதே கோணத்தில் நீங்களும் பார்க்கலாம், அதுவும் மேல்தளத்தில் கையில் காபியோடு. உள்ளே வரும்போது கோட்டை கப்பலின் இடப்பக்கம் வரும், வெளியே போகும்போது வலப்பக்கம். எதிர்க்கரையில் ஒரு சின்னத் திட்டின் மேல் எல் கன்யுவேலோ என்ற குட்டிக் கோட்டையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் சிக்கும் கப்பலை இரு பக்கமிருந்தும் சுடுவது திட்டம். இந்தக் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்பது தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது. எல் மோரோவின் மிகச் சிறந்த காட்சி உங்கள் கப்பல் சீட்டிலேயே அடங்கியிருக்கிறது. கரையில் செலவழிக்கும் நேரத்தையும் அதற்கே கொடுப்பானேன்?

சான் கிறிஸ்டோபலைக் கடலிலிருந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. அது நிலத்தைப் பார்த்து நிற்கும் கோட்டை. அதைப் புரிந்துகொள்ள உள்ளே நடந்தாக வேண்டும்.

அது ஏன் கட்டப்பட்டது என்பதே நல்ல கதை. டிரேக் தோற்ற மூன்றாம் ஆண்டில், 1598-இல், இங்கிலாந்தின் கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபர்ட் வந்தார். அவர் எல் மோரோவின் முன்னால் போய் நிற்கவில்லை. கிழக்கே தள்ளி ஆட்களை இறக்கி, தரைவழியாக வந்து, கோட்டையை முதுகுப்புறத்திலிருந்து பிடித்தார். இந்தக் கோட்டை எதிரியிடம் வீழ்ந்தது அந்த ஒருமுறைதான். பிடித்ததை அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. சீதபேதி அவருடைய படையைக் கொன்று குவித்தது; சில மாதங்களுக்குள் ஆங்கிலேயர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1625-இல் டச்சுக்காரர்கள் எல் மோரோவின் குண்டுகளைத் தாண்டி விரிகுடாவுக்குள்ளேயே வந்து ஊரைப் பிடித்து, கோட்டையைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இரண்டு முறை அடி வாங்கியபின்தான் ஊரைச் சுற்றி மதிலும் கிழக்கே ஒரு காவலும் வேண்டும் என்ற முடிவு வந்தது. 1634-இல் கிழக்குப் பாறையில் வேலை தொடங்கியது.

இன்று நாம் பார்க்கும் பெரிய உருவம் அதற்கும் 130 ஆண்டுகள் கழித்து வந்தது. 1765-இல் ஸ்பானிய அரசர் மூன்றாம் கார்லோஸ், அலெஹாந்த்ரோ ஓரெய்லி என்ற தளபதியை அனுப்பி நிலைமையை ஆராயச் சொன்னார். கட்டும் வேலையைத் தோமாஸ் ஓடேலி என்ற பொறியாளர் ஏற்றார். இருவரும் அயர்லாந்தில் பிறந்து ஸ்பெயினுக்குச் சேவை செய்தவர்கள். முடிவில் 27 ஏக்கருக்கு விரிந்த கோட்டை ஒன்று எழுந்தது. அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பெயின் கட்டிய கோட்டைகளில் இதுவே மிகப் பெரியது.

இதன் அமைப்பை நடந்து பார்க்கும்போதுதான் கட்டியவர்களின் மூளை தெரிகிறது. வெளிப்பக்கம் தாழ்வாகவும், உள்ளே வர வர உயரமாகவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுப்புகள். எதிரி வெளித் தடுப்பைப் பிடித்துவிட்டாலும், அடுத்த தடுப்பில் இருப்பவர்களுக்கு அவன் கீழே வசமாகக் கிடைப்பான். நடுவில் உலர் அகழி. அடியில் சுரங்கப் பாதைகள். அவற்றில் சில வீரர்கள் பாதுகாப்பாக நடமாட. சில, எதிரி தலைக்கு மேலே வந்து நின்றால் வெடி வைத்துத் தகர்க்க. ஓர் இருட்டறையின் சுவரில் பாய்மரக் கப்பல்களின் படங்கள் இருக்கின்றன. அங்கே அடைபட்டிருந்த கைதி வரைந்தவை என்கிறார்கள். கயிறுகளும் பாய்களும் அத்தனை துல்லியம், கடலில் வாழ்ந்த கை அது என்று பார்த்ததும் தெரியும்.

முற்றத்தின் அடியில் ஐந்து பெரிய தண்ணீர்த் தொட்டிகள். மழைநீரைச் சேர்த்து வைத்து, முற்றுகை எவ்வளவு நீண்டாலும் தாகத்தால் சரணடைய வேண்டாம் என்று செய்த ஏற்பாடு. பீரங்கிகளை விடவும் இதுதான் என்னை அதிகம் கவர்ந்தது. மழைநீர்ச் சேகரிப்பை உயிர்ப் பிரச்சினையாக நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

மேல்தளத்திலிருந்து கடலோரமாகக் கீழே தனித்து நிற்கும் ஒரு காவல் கூண்டு தெரியும். பேய்க் கூண்டு என்று அதற்குப் பெயர். இரவுக் காவலில் இருந்த சிப்பாய் ஒருவன் காணாமல் போனான், பேய் கொண்டுபோனது என்று கதை. கோட்டையின் மிகப் பழைய பகுதி அதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1898-இல் அமெரிக்க-ஸ்பானியப் போர் வந்தபோது, மே 10 அன்று புவேர்ட்டோ ரிக்கோவில் முதல் குண்டு சுடப்பட்டது இந்தக் கோட்டையிலிருந்துதான். இரண்டு நாள் கழித்து அமெரிக்கக் கப்பல்கள் ஊரைக் குண்டுமழையால் தாக்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் தீவு அமெரிக்காவின் கைக்குப் போனது. இன்று கோட்டைகளின் மேல் மூன்று கொடிகள் பறக்கின்றன: அமெரிக்காவுடையது, புவேர்ட்டோ ரிக்கோவுடையது, பழைய ஸ்பானியப் படையின் பர்கண்டிச் சிலுவைக் கொடி.

நடைமுறையிலும் சான் கிறிஸ்டோபலே வசதி. 4-ஆம் எண் துறைமேடையிலிருந்து பிளாசா கொலோன் வழியாக மேடேறினால் கால் மணி நேரத்துக்குள் வாசல். டாக்சியில் வந்தாலும் வாசலருகே இறங்கலாம். சுரங்கங்களும் வளைவுக் கூரை அறைகளும் இருப்பதால் வெயிலுக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. முற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும் பெரியவர்களுக்கும் அது நிறைவான இடம்தான்.

இரண்டையும் பார்ப்பது பற்றி: காலையில் வரும் கப்பலாக இருந்தால் முடியும். சான் கிறிஸ்டோபலிலிருந்து எல் மோரோவுக்கு நோர்சகரை தெரு வழியாகச் சுமார் 20 நிமிட நடை, வலப்பக்கம் கடல் கூடவே வரும். ஆனால் இரண்டாவது கோட்டைக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், கால் கெஞ்சும், கண் சுவரைப் பார்க்கும், மனம் சாப்பாட்டை நினைக்கும். அதன்பின் ஊருக்கு நேரமே மிஞ்சாது. கோட்டைகள் காத்த ஊரைப் பார்க்காமல் கோட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பெரிய இழப்பு. நீங்கள் சான் ஹுவானிலேயே கப்பல் ஏறுகிறவராகவோ இறங்குகிறவராகவோ இருந்து, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் கதையே வேறு. அப்போது இரண்டையும் பாருங்கள், ஒன்றை முதல் நாள் மதியம், இன்னொன்றை மறுநாள் திறந்தவுடன்.

எல் மோரோவைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் யார்? பட்டம் விட ஆசைப்படும் பிள்ளைகளோடு வருகிறவர்கள். சான் கிறிஸ்டோபலை ஏற்கெனவே பார்த்தவர்கள். இருட்டில் நுழைந்து இருட்டிலேயே கிளம்பும் கப்பலில் வருகிறவர்கள், ஏனென்றால் தண்ணீரிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. கலங்கரை விளக்கத்துக்காகவே கடற்கரை ஊர்களுக்குப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் எல் மோரோதான். 1898 தாக்குதலில் அடிபட்டதற்குப் பதிலாக 1908-இல் கட்டியது இன்றும் அங்கே நிற்கிறது.

மதியம் மூன்று மணிக்கு மேல் இறங்குகிறவர்கள் கோட்டைகளை மறந்துவிடலாம். அவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, காசும் வேண்டாம். துறைமேடையிலிருந்து மேற்கே பாசேயோ டி லா பிரின்செசா என்ற மரங்கள் அடர்ந்த நடைபாதையைப் பிடியுங்கள். மதில் வலப்பக்கம், விரிகுடா இடப்பக்கம். அது போய்ச் சேரும் இடம் சான் ஹுவான் வாசல், செந்நிறம் பூசிய பெரிய மதில் வாசல். ஸ்பானியக் காலத்தில் ஆளுநர்களும் கத்தோலிக்க ஆயர்களும் கப்பலிலிருந்து இறங்கி இதன் வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். வாசலுக்குள் போகாமல் மதிலின் வெளிப்புறமாகவே மேலும் நடந்தால் எல் மோரோவின் அடிவாரம் வரை பாதை உண்டு, ஒரு வழிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஒரு பக்கம் அலை, இன்னொரு பக்கம் தலைக்கு மேல் நிமிர்ந்த சுவர். பாதை முனையோடு முடிந்துவிடும், மேலே ஏறிக் கோட்டைக்குள் போக வழி கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டும். இது தெரியாமல் எல் மோரோவுக்குக் குறுக்குவழி என்று நினைத்துப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். மேற்கைப் பார்த்த பாதை என்பதால் காலையில் மதிலின் நிழல் விழும், பிற்பகலில் வெயில் முகத்தில் அடிக்கும். பொழுது சாயும் நேரத்தில் போய், இருட்டுவதற்குள் வாசலுக்குத் திரும்பிவிடுங்கள்.

கோட்டையே வேண்டாம், ஊரில் திரிகிறேன் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. தெருக்களில் பதித்திருப்பது நீலச் சாயல் கற்கள், இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடில் வார்த்தவை. மழை பெய்தால் நிறம் ஆழமாகும், கூடவே வழுக்கும். இங்கே மழை திடீரென்று வரும், பத்து நிமிடத்தில் போகும். பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ அவசியம். சான் ஹுவான் வாசலிலிருந்து நேராக மேடேறும் சிறு தெரு பேராலயத்தில் கொண்டுபோய் விடும். கடலில் பிழைத்து வந்தவர்கள் நன்றி சொல்ல நடந்த தெரு அது. தீவின் முதல் ஆளுநர் பொன்சே டி லியோனின் கல்லறை அந்தப் பேராலயத்துக்குள் இருக்கிறது. 1532-இல் தொடங்கிய சான் ஹோசே தேவாலயம் இருபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிக்கிடந்து, பழுது பார்க்கப்பட்டு 2021-இல் திறந்தது. அதன் கல் வளைவுக் கூரையைத் தவறவிடாதீர்கள். மதிலோரம் லா ரொகாத்திவா என்ற வெண்கலச் சிலை ஒன்று: ஓர் ஆயரும் தீப்பந்தம் ஏந்திய பெண்களும். 1797-இல் ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டபோது இந்தப் பெண்களின் தீப்பந்த ஊர்வலத்தைப் புதுப்படை என்று நினைத்துப் பின்வாங்கினார்கள் என்பது ஊர்க் கதை. உண்மையில் அவர்கள் கிழக்கே இருந்த முதல் வரிசைக் காவல்களையே தாண்ட முடியாமல் திரும்பினார்கள். கதையும் சிலையும் அழகு என்பதில் மாற்றமில்லை.

சாப்பாடு நம் நாக்குக்கு அன்னியம் இல்லை. வாழைக்காய்தான் இங்கே ராஜா. பொரித்த வாழைக்காயைப் பூண்டோடு உரலில் இடித்து உருட்டித் தருவது மொஃபோங்கோ. வட்டமாகத் தட்டி இரண்டு முறை பொரித்தது தோஸ்தோனெஸ். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும்: மொஃபோங்கோவில் பொரித்த பன்றித் தோலைச் சேர்த்து இடிப்பது வழக்கம், பருப்பு போலிருக்கும் பீன்ஸ் குழம்பிலும் பன்றி இறைச்சி கிடக்கலாம். முன்கூட்டியே கேட்டு, அது இல்லாமல் செய்யச் சொல்லுங்கள், பல இடங்களில் செய்து தருவார்கள். சர்க்கரைத் தூள் தூவிய மயோர்க்கா பன்னில் முட்டை சேர்ப்பார்கள்; தீவின் மலைகளில் விளைந்த காபியை எந்தச் சந்தேகமும் இல்லாமல் குடிக்கலாம்.

எல் யுங்கே மழைக்காடு, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ரம் ஆலை என்று கப்பலிலேயே சுற்றுலாக்கள் விற்பார்கள். காடு அருமையானதுதான், ஆனால் போக வர மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நடந்தே பார்க்கக்கூடிய இப்படி ஒரு ஊர் வாசலில் இருக்கும்போது, பேருந்து ஜன்னலுக்கு அந்த நேரத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

காலையில் வரும் கப்பலுக்கு நான் சொல்லும் வழி இது. நுழையும்போது இடப்பக்கத் தளத்தில் நின்று எல் மோரோவைப் பாருங்கள். 9:30-க்கு சான் கிறிஸ்டோபல் வாசல், இரண்டு மணி நேரம். பிறகு நோர்சகரை தெருவில் மேற்கே நடை. புல்வெளி வரை போய் எல் மோரோவை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, சான் ஹோசே, பேராலயம் என்று கீழிறங்கி, நடுவில் சாப்பாடு. கடைசியில் செந்நிற வாசல் வழியாக வெளியேறி, மதிலோர மரநிழலில் நடந்து கப்பலுக்கு. இந்த வரிசையில் போனால் ஏற்றம் முழுவதும் காலையிலேயே முடிந்துவிடும், வெயில் உச்சிக்கு வந்தபின் இறக்கம்தான்.

கிளம்பும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் கோடை, குளிர் என்று நேரத்தை மாற்றுவதில்லை. குளிர்கால மாதங்களில் அது ஃபுளோரிடாவை விட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். மயாமியிலிருந்து வரும் கப்பல் தன் நேரத்தை மாற்றாமலே வைத்திருந்தால், கரையில் இறங்கியதும் உங்கள் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் கிளம்புவது கப்பல் நேரப்படி, கோட்டை மூடுவது ஊர் நேரப்படி.